பூக்க விடாத வேலி

என் மாஜி கணவர் மூச்சு விட முடியாமல் திண்டாடுகிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. மறுபடியும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை, வராததற்கு நான் வருத்தப்படவும் இல்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் அவருடைய இப்போதைய மனைவி. நான் பெட்டியோடு இறங்கிய வீட்டில் ஏறியவள். என் நர்சரிக்குள் வந்து தொட்டிகளுக்கு நடுவே தயங்கித் தயங்கி நின்றாள். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் அது கையில் இருப்பது நல்லதில்லை என்று பட்டது.

"அக்கா, உங்க வேலி பூத்திருச்சு," என்றாள்.

அது என் வேலிதான். வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்ப அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. அப்போது நான் வேலை பார்த்த தோட்டத்தில் கழித்துப்போட்ட பிரிவெட் என்ற வேலிச்செடியின் குச்சிகளை வாரிக்கொண்டு வந்து வரிசையாக நட்டேன். பிரிவெட்டுக்கு ரோஷமே கிடையாது. பென்சில் பருமன் குச்சியைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்தால் போதும், வேர் விட்டுவிடும். இடுப்பு உயரம் வந்ததும் ஒரு சாண் மட்டும் விட்டு மொத்தத்தையும் வெட்டினேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அப்படி வெட்டினால்தான் அடியிலிருந்து கிளை வெடிக்கும். இல்லாவிட்டால் மேலே தழையும் கீழே வெறுங்காலுமாக நிற்கும், நாய் நுழைந்து போகும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் யாரோ வீட்டுப் பிரிவெட் பூத்திருந்த தெரு வழியாக நடந்தோம். அந்தப் பூவின் வாசனை கனமானது, நெஞ்சில் ஏறி உட்காரும். தெருமுனை திரும்புவதற்குள் அவருக்கு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் போய்த்தான் மூச்சு திரும்பியது. அதனால் நடும்போதே சொன்னேன், "இது பூத்தா உங்களுக்கு ஆகாது."

"அப்ப பூக்காமப் பாத்துக்கோ. அதுக்குத்தானே நீ இருக்கே?" என்றார்.

பார்த்துக்கொண்டேன். பிரிவெட் முந்தின வருடத்துக் கிளைகளின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் நுனிகளைக் கத்தரித்துவிட்டால் அந்த வருடம் பூ கிடையாது. வருடம் தவறாமல் கத்தரித்தேன், காய்ச்சலோடு ஏணியில் நின்றும் கத்தரித்தேன். சின்னச் சின்ன இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி கட்டிய பச்சைச் சுவர் அது. பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். நான் சொன்னதை அவர் மறந்தே போனார். தொல்லை வந்தால்தானே நினைப்பு வரும்?

குழந்தை பிறக்கவில்லை. டாக்டரிடம் நான் மட்டும்தான் போனேன், எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அவரைக் கூப்பிட்டால், "எனக்கென்ன கொறச்சல்?" என்பார். "என் பையனுக்கு ஒரு கொறையும் இல்ல," என்பார் மாமியார். வேலிக்கு ஓணான் சாட்சி. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்று ஆன பிறகு, ஒருநாள் அந்த மனுஷன் தெருவே கேட்கும்படி வேலியைக் காட்டிச் சொன்னார்:

"நீ நட்ட செடியும் உன்ன மாதிரிதான். பூக்கவும் இல்ல, காய்க்கவும் இல்ல."

எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் ஏணிமேல் இருந்தேன். அந்த மனுஷனுக்காக மொட்டு நுனிகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது வந்தவள் மிச்சத்தைச் சொன்னாள். நான் போன பிறகு கூலி ஆள் ஒருவர் வந்து வெட்டியிருக்கிறார். "பூவும் இல்ல, காயும் இல்ல, இதுக்கு ஒரு ஆளு வேற தண்டம்," என்று மாஜி அவரையும் திட்டித் துரத்தியிருக்கிறார். இனி அந்த வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று அந்தக் கூலி ஆளும் போய்விட்டார். யாரும் கத்தரி வைக்காத வேலி தலைக்கு மேல் வளர்ந்து, இந்த வருடம் மொத்தமாகப் பூத்துவிட்டது.

"ஜன்னலத் தொறக்க முடியல, அக்கா. வேற ஆளும் வரமாட்டேங்கறாங்க. வந்து வெட்டிக் குடுங்க."

"உன்ன எப்படி வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் தொட்டி மண்ணைப் பார்த்தாள். "வந்தவளும் அப்படியேன்னு அத்தை ஆரம்பிச்சுட்டாங்க. இவரை டாக்டர்கிட்ட வாங்கன்னா, எனக்கென்ன கொறச்சல்ங்கறாரு."

அவள்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த நிமிடமே அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. இன்ஹேலர் கையில் இருக்கிறதா, உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று விசாரித்துக்கொண்டேன். செத்துப்போனால் யாரைப் பழிவாங்குவது?

"வரேன். ஆனா நான் கத்தரி எடுக்கறப்ப அவரு வாசல்ல நிக்கணும்."

நின்றார். மூக்கில் துண்டு, கண் இரண்டும் கோவைப்பழம். வேலி முழுக்க வெள்ளைக் கொத்துகள், தேனீக்களின் இரைச்சல். மாமியார் படியில் நின்றார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றேன். "இத்தன வருஷமா இது ஏன் பூக்கல?"

"எனக்கென்ன தெரியும்? சீக்கிரம் வெட்டு."

கத்தரியைப் பைக்குள் போட்டு ஏணியைத் தோளில் தூக்கினேன்.

"நீ வெட்டிக்கிட்டே இருந்தே," என்றார் அவசரமாக.

"யாருக்காக?"

வரிசையாகத் தும்மினார். "எனக்காக."

"தையல்காரர் அண்ணனுக்குக் கேக்கல."

"எனக்காக!" என்று கத்தினார். கத்தியதில் இழுப்பு வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா," என்றார் தையல்காரர்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வேலையை ஆரம்பித்தேன். தெருப்பக்கம் முழுவதையும் ரம்பம் போட்டு நடுத்தண்டு வரை கழித்தேன். ஒரு கொத்து மிச்சம் வைக்கவில்லை. தெரு மனிதர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். பிறகு ரம்பத்தைத் துடைத்து உறையில் போட்டேன்.

அவர் ஜன்னல் பக்கத்தைக் காட்டினார். அங்கே பூ அப்படியே இருந்தது. "இந்தப் பக்கம்?"

"அது அடுத்த வருஷம்."

"என்னது?"

"முத்திப்போன வேலிய ஒரு வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம்னுதான் வெட்டணும். ஒரேயடியா வெட்டினா செடி மூச்சு திணறும், பாவம்." இதில் ஒரு எழுத்து பொய் இல்லை. எந்தத் தோட்டக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"பூ உதிர்ந்துடும். அப்புறம் காய்க்கும், கறுப்பாக் கொத்துக் கொத்தா. அது விஷம். குழந்தைங்க இருக்கற வீடுன்னா கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கணும்." ஏணியை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உங்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லையே."

மாமியார் வாயைத் திறந்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தும் அடங்காமல் தெருவரை கேட்டது. சிரித்தது அவருடைய மனைவி.