குறையில்லாத மெசின்

மசூர் முதலாளியின் கடைக்குக் காலிதீன் போனது அன்றோடு எட்டாம் தரம். முதல் தரம் போனபோது பால் தேத்தண்ணியும் கேக்கும் வந்தன. மூன்றாம் தரம் வெறும் தேத்தண்ணி. ஐந்தாம் தரத்துக்குப் பிறகு உட்காரக் கதிரையை மட்டும் காலால் தள்ளிவிட்டார்கள். காலிதீன் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே உழவு மெசினை எட்டுத் தரம் வந்து தட்டிப் பார்க்கிறவனுக்கு யார்தான் சீனி போடுவார்கள்?

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதும், கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பதும், சொன்ன பதிலையே திருப்பிச் சொல்கிற முதலாளியின் முகத்தைப் பார்ப்பதும் சும்மா வேலையா? ஆனால் கேட்காமல் வாங்கிப் பட்டது போதும். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு இரண்டு வருஷம் முந்தி, மச்சானின் பேச்சைக் கேட்டு ஒரு பழைய மெசினை வாங்கினார். பெயின்ற் பளபளவென்று இருந்தது. முதல் போகத்திலேயே கியர்பெட்டி கையை விரித்துவிட்டது. பிறகு அது வளவுக் கொட்டிலில் நின்றது, அதன் இருக்கையில் கோழி முட்டையிட்டது. கடைசியில் இரும்பு விலைக்குப் போனதும் கொட்டில் முழுக்கக் கோழிகளுக்கே ஆனது.

அதற்குப் பிறகுதான் காலிதீன் படிக்கத் தொடங்கினார். கராஜ் கராஜாகப் போய்க் குந்தியிருந்தார். மெசினோடு வருகிற ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பள்ளிக்கூட மாஸ்டரிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல வைத்தார். மாஸ்டர் பாவம். புகை என்ன நிறத்தில் வந்தால் என்ன கோளாறு, எண்ணெய் எப்படி மணந்தால் எது தேய்ந்தது, எல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி.

ஆனால் படித்தவனுக்காக வயல் காத்திருக்குமா? போன போகத்தில் கூலி மெசின் பன்னிரண்டு நாள் பிந்தி வந்தது. பிந்தி விதைத்த முளையை வெள்ளம் வழித்துக்கொண்டு போனது. பத்து ஏக்கரில் மாட்டுக்கு வைக்கோல்கூட மிஞ்சவில்லை. இந்தப் போகத்துக்கு விதைப்பு நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் பத்தே நாள். காலையில் மனைவி றம்ஸியா கொட்டிலைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்:

"இந்த முறையும் கூலி மெசினப் பாத்துக்கிட்டு வரம்பில நிண்டீங்கண்டா, ராவைக்கு இஞ்ச வராதீங்க. உங்கட உம்மாட ஊட்டயே போய் இரிங்க."

வீடு அவளுடையது, சீதனமாக வந்தது. சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

கடையில் மிஞ்சி நின்றது ஒரே ஒரு நீல மெசின். ஏழு தரமும் காலிதீன் அதில் ஏதாவது கண்டுபிடித்தார். பின் அச்சில் எண்ணெய் கசிந்தது, அடைப்பு வளையத்தை மாற்ற வைத்தார். பற்றரி பழசு, புதுசு போட வைத்தார். ரயரின் பல் நம் பக்கத்துச் சேற்றுக்குப் போதாது என்று, ஆழப் பல்லுள்ள ரயருக்கு முதலாளியைக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வைத்தார். அத்தனையும் செய்வித்த மனிதர், 'இதை நான் எடுக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. வாங்கப்போகிற பொருளை வாய்விட்டு மெச்சுவதா? விலை ஏறிவிடாதா? மாடு வாங்கினாலும் மாப்பிள்ளை எடுத்தாலும் எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான்.

"சேத்தில இறக்கிப் பாக்காம முடிவு சொல்ல ஏலா முதலாளி" என்றார் காலிதீன்.

போன கிழமை இதே பேச்சுக்கு, "சேறு பட்டா அது பழசு காக்கா. மறுவா நான் ஆருக்கு விக்கிற?" என்று அண்ணன் முறையில் காக்கா போட்டே சீறிய முதலாளி, இன்று உடனே எழுந்தார்.

"வாங்க காக்கா. காரைதீவில ஒரு வயல் தண்ணி கட்டிக் கிடக்கி. அங்கயே இறக்குவம்."

அந்த இடத்திலாவது காலிதீன் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தார்!

வயலின் சொந்தக்காரர் அழகரெத்தினம், இருபது ஏக்கர்க்காரர், குடையை ஊன்றிக்கொண்டு வரம்பில் நின்றார். காலிதீன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மெசின் முழங்கால் சேற்றில் இறங்கியது, மூச்சு வாங்காமல் போனது, ஒரு இடத்தில்கூடப் புதையவில்லை. நாலு சுற்றுப் போனார். ஐந்தாவது சுற்று சோதிக்கவே தேவையில்லை, ஆசைக்குத்தான் போனார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவருக்கு மனம் குளிர்ந்தது. இது என்ட மெசின் என்று முடிவே கட்டிவிட்டார். இனி இருக்கை சரியில்லை என்று தொடங்கி, விலையை ஒரு பிடி பிடிக்க வேண்டியதுதான்.

இறங்கியதும் அழகரெத்தினம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காக்கா, எனக்கு மெசினப் பத்தி ஒண்டும் தெரியா. விக்கிற ஆள் சொல்றத எப்பிடி நம்புற? நீங்க எட்டுத் தரம் சோதிச்ச ஆளாம். உங்கட அல்லாவுக்காக உள்ளதச் சொல்லுங்க. இத எடுக்கலாமா?"

முதலாளி தன்னை எதற்கு இங்கே கூட்டிவந்தார் என்பது காலிதீனுக்கு இப்போதுதான் விளங்கியது. கிளச் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும், இந்த மனிதர் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். சொல்ல வாயும் எடுத்தார். மச்சான் அன்றைக்கு, 'நல்ல மெசின், கண்ண மூடிக்கிட்டு எடுங்க' என்று சொன்ன குரல் காதில் வந்து நின்றது. நம்பிக் கேட்டவனுக்குப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

"நல்ல மெசின் அண்ணன்" என்றார். "குறை ஒண்டும் இல்ல."

அழகரெத்தினம் மடியிலிருந்த காசுப் பொதியை எடுத்து, அச்சாரமாக மசூர் முதலாளியின் கையில் வைத்தார்.

"முதலாளி, அது நான் எனக்கெண்டு..." என்று இழுத்தார் காலிதீன்.

"நீங்க எப்ப காக்கா எனக்கெண்டு சொன்னீங்க?" மசூர் முதலாளியின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "எட்டுத் தரம் வந்தீங்க. ஒரு தரம், இது எனக்குத்தான் எண்டு சொல்லியிருந்தா நான் இவரக் கூட்டியிருப்பனா? எனக்கும் கடை ஓட வேணாமா? அடுத்தது தை மாசக் கப்பல்லதான் வரும்."

அழகரெத்தினத்துக்கு ஒரே சந்தோஷம். "உங்கட வயலையும் நானே உழுது தாறன் காக்கா. முதல்ல என்ட இருபது ஏக்கரும் முடியட்டும்."

இருபது ஏக்கர், இரட்டை உழவு, நடுவில் ஒரு மழை. பன்னிரண்டு நாளாவது ஆகும். காலிதீன் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். வரம்பு முடிகிற இடத்தில் நின்று திரும்பினார்.

"அண்ணன், முதல் அம்பது மணித்தியாலம் ஓடினதும் எண்ணெய மாத்துங்க. மறந்திராதீங்க."

வீட்டில் மெசினுக்காகக் கொட்டில் கூட்டித் தெளித்துக் கிடந்தது. கோழிக் கூடைகள் வெளியே வேலியோரம். சேறு அப்பிய சாரனைக் கண்டதும் றம்ஸியாவின் முகம் மலர்ந்தது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சி. காரைதீவு அழகரெத்தினம் எடுத்தார். நல்லதெண்டு நான்தான் சொன்னன்."

உம்மா வீட்டுக்குப் போகச் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் வேலியோரம் போய்க் கோழிக் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கொட்டிலுக்குள் வைத்தாள்.

"கைகாலக் கழுவிட்டு வந்து தின்னுங்க" என்றாள். "நாளைக்கு வெள்ளணப் போய், எங்கட வயல முதல்ல உழுது தாங்க எண்டு அந்த மனிசனிட்டக் கேளுங்க. இதையாவது வாயத் திறந்து கேளுங்க."