வயது வரம்பும் வரலாற்று மண்டபமும்

இளம் உழவர் பயிற்சிக் கழகத்தின் தலைவருக்குப் போன வாரம்தான் ஐம்பத்தாறு வயது ஆகியிருந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கழக விதிப்படி ஐம்பத்தைந்து வரைக்கும் இளைஞர்தான். ஆரம்பத்தில் வரம்பு முப்பதாக இருந்தது உண்மை. தலைவருக்கு முப்பத்தொன்று ஆன வருடம், ஆண்டுக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக அதில் ஒன்றைக் கூட்டினார்கள். மறுவருடம் அவருக்கும் ஒரு வயது கூடியது, வரம்புக்கும் கூடியது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. செயற்குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள், அவரைவிட மாதக்கணக்கில் மூத்தவர்கள். இந்த ஏற்பாட்டால் ஒருவருக்கும் வயதாகவில்லை. மூட்டுவலி மட்டும் விதிமுறையைப் படிக்காமல் வந்து சேர்ந்தது.

கழகத்துக்கு ஒரு கட்டடம், அதன் பின்னால் ஒரு வயல். கட்டடத்தில் இளைஞர்கள் பேசினார்கள். வயலில் பிள்ளைகள் வேலை கற்றார்கள். நாற்று விடுவது, பாத்தி கட்டுவது, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே ஒரு டீச்சர். அந்தப் பிள்ளைகளும் பேருக்கு உறுப்பினர்கள்தான். ஆனால் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, தேநீர் வந்ததும் எழுந்து போவதோடு அவர்கள் கடமை முடிந்தது.

கழகத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, தலைவருக்கு வரலாற்று மண்டபம் கட்டும் யோசனை பிறந்தது. எங்கே கட்டுவது? வயலில்தான். இளைஞர்கள் விவசாயம் கற்ற இடத்தை நினைவுகூர அதன் மேலேயே சிமெண்ட் போடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்க முடியும்? டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு அவர் விளக்கினார்.

"விவசாயம் எங்க டீச்சர் போயிடப் போகுது? வரலாறுதான் காத்தோட போயிடும்."

பிள்ளைகள் எங்கே கற்பார்கள் என்று அவள் கேட்டாள். மண்டபத்துக்குள் வயலின் படத்தைச் சுவர் முழுக்க, விளக்கு போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். கூடவே கழகத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டினார். செயற்குழுவினர் இளைஞர்களாக இருப்பதிலேயே மும்முரமாக இருந்ததால் அவர்களுக்கு நேரமில்லை.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டாள். மனிதரைக் குளிர வைத்தால் வயலை விட்டுவிடுவார் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு அவரை ஏற்றி ஏற்றி எழுதினாள். படித்ததும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கருங்கல்லில்தான் செதுக்க வேண்டும் என்றார். கல்லை நிறுத்த மண்டபத்தை இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். அவள் கெட்டிக்காரத்தனத்தில் வரைபடத்தில் மிச்சமிருந்த வரப்பும் போயிற்று.

மீதி வரலாற்றை ஒன்று விடாமல் எழுதச் சொல்லி உத்தரவு. இனி யாரைக் குளிர வைத்து என்ன ஆகப்போகிறது? அவள் ஒன்று விடாமல் எழுதினாள்.

வழக்கமாக ஆண்டுக் கூட்டத்தில் வயது வரம்பு உயர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். இந்த முறை வேளாண் அதிகாரியும் பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். தன் வரலாற்றைக் கேட்கத் தலைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை முதலில் வைத்தார், மண்டபத்தை அடுத்து வைத்தார், வயதைக் கடைசிக்குத் தள்ளினார்.

டீச்சர் வாசித்தாள். மண்வெட்டியோடு வந்து கழகத்தைத் தொடங்கியவர்கள் நாலு வரியில் முடிந்தார்கள். பிறகு தலைவரின் காலம். ஒவ்வோர் ஆண்டும் முதல் வேலையாக வயது வரம்பு உயர்த்தப்பட்டதையும், அதனால் தகுதி பெற்றவர்கள் மற்ற தீர்மானங்களுக்குக் கை தூக்கியதையும் வருடம் வாரியாகப் படித்தாள். முன்வரிசையில் செயற்குழு கைதட்டியது. பின்வரிசையில் முதலில் சிரிப்பு எழுந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

செயலாளர் மண்டபத் தீர்மானத்தைச் சொன்னார். முன்வரிசைக் கைகள் எழுந்தன. பின்வரிசையில், பிள்ளைகள் 'சந்தேகம்' என்று கூப்பிடும் பெண் எழுந்து நின்றாள்.

"இந்த வருஷம் வயசை இன்னும் ஏத்தலையே. அப்போ முன்னாடி உக்காந்திருக்கறவங்க ஓட்டுப் போடலாமா?"

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். வயதுத் தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் மென்று விழுங்கினார்.

"அதுக்குக் கை தூக்கவும் வயசு இருக்கணுமே சார்."

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஓட்டுப் போட மிஞ்சியது பின்வரிசை மட்டும்தான். மண்டபம் தோற்றது. வரம்பு முப்பதுக்கே திரும்பியது. டீச்சர் திட்டம் போட்டுக் கவிழ்த்தாள் என்று பிற்பாடு பலர் பேசினார்கள். அவ்வளவு சாமர்த்தியம் இருந்திருந்தால் அவள் இத்தனை வருடம் காத்திருந்திருப்பாளா?

மறுநாள் காலை தலைவர் வரப்போரம் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று டீச்சர் நிமிர்ந்தாள். அவர் நாற்றங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கைப்பை இல்லை, பின்னால் ஆள் இல்லை. பாவமாக இருந்தது. பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இங்க கத்துக்கறதுக்கு வயசு வரம்பு எவ்வளவு?"

டீச்சர் யோசித்துப் பார்த்தாள்.

"அதுக்கு வரம்பே வைக்கலைங்க. யாரும் போட்டிக்கு வந்ததில்ல."