ரெண்டு மணித்தியால வேலை

கீழே தட்டுகிற சத்தம் நின்றபோது புளோறன்ஸ் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே காது கொடுத்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. பழைய தாங்கியிலிருந்து தண்ணீரை இறக்குகிறார் போலிருக்கிறது. இறக்கட்டும், அவளுக்கென்ன?

நேற்று இரவிலிருந்து புருசனும் பெண்சாதியும் பேச்சில்லை. ஹொல்ம்லியாவில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து நிலவறையில் நின்ற சுடுதண்ணீர்த் தாங்கி ஒழுகத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகக் குழாய் வேலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதுவரை பொறுக்க அருட்பிரகாசத்தால் முடியவில்லை. புதிதாக ஒன்றை வாங்கிவிட்டார். கடைக்காரப் பெடியன்கள் அதை நிலவறைக் கதவோரம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

"ரெண்டு மணித்தியால வேலை. பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் பக்டரி மெசினையே கழட்டிப் பூட்டினனான்."

"உங்கடை ரெண்டு மணித்தியாலம் எனக்குத் தெரியாதே? விறாந்தைக்குப் பெயின்ற் அடிக்க வெளிக்கிட்டு ஈஸ்டர் முழுக்கப் போனது. இதுக்கும் ஒரு முழு நாள் போகும், இருந்து பாருங்கோ. நெஞ்சுக்குள்ளை கம்பி வைச்ச மனிசன் பாரம் தூக்கிறதோ?"

"தூக்கப் பக்கத்து வீட்டு டானியல் வருவான். நான் தூக்கமாட்டன் எண்டால் தூக்கமாட்டன்."

"என்னவும் செய்யுங்கோ. நான் இனிக் கதைக்கேல்லை."

சொன்னபடியே கதைக்கவில்லை. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. முன்பென்றால் மகள் றொஷானிதான் நடுவில் கிடந்து அல்லாடுவாள். ஒரே மேசையில் இருந்துகொண்டே, "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு", "பசிக்கேல்லை எண்டு அம்மாவிட்டைச் சொல்லு" என்று அவள் ஊடாகத்தான் எல்லாம் நடக்கும். அவள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனபின் அந்த வேலை சுவருக்கு வந்துவிட்டது. சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது மனிதர் வந்துவிடுவார்.

"தேத்தண்ணி ஊத்திக் கிடக்கு," என்று அலமாரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கேளாதவர் மாதிரி நடிக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டின் தலைப்புவரை போய் எட்டிப் பார்த்தாள். கீழே விளக்கு எரிந்தது. இறங்கினால் தோற்றதாகிவிடும். திரும்பி வந்து சம்பலுக்கு வெங்காயம் அரிந்தாள். யன்னலுக்கு வெளியே பின்னேரமே இருட்டிப் பனி கொட்டியது.

புட்டு அவிந்து முடிகிற நேரம் தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது. பிறகு சொட்டுச் சொட்டாகி, அதுவும் நின்றது. இனிக் குழாயை மூடுவார், ஒருமுறை இருமுவார், படியில் கால் வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"புட்டு ஆறுது." சுவருக்குத்தான் சொன்னாள்.

பிறகு சுவரை விட்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். வென்றவருடைய "ம்" உடனே வரும். அதற்காகக் காத்து நின்றாள். அது வரவில்லை.

இறங்கிப் போனாள். கவிழ்த்த வாளியில் இருந்தபடி அவர் சுவரில் சாய்ந்திருந்தார். தலை தொங்கி நாடி நெஞ்சில் குத்தியிருந்தது. கை குளிர்ந்து போயிருந்தது. புதுத் தாங்கி வைத்த இடத்திலேயே நின்றது. அதன் பெட்டியைச் சுற்றிய பட்டிகூட வெட்டப்படவில்லை. தூக்கவில்லை. சொன்னபடி டானியலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். அவரைத் திட்டுவதற்குக்கூட அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

டானியல் வந்து சேர்ந்தபோது வாசலில் அம்புலன்ஸ் நின்றது. அதில் வந்த பெண் அவரருகே முழந்தாளிட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்தாள். கடைசியாக அவருடைய சத்தம் கேட்டு எவ்வளவு நேரமிருக்கும் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"சத்தம் நின்றவுடனே இறங்கி வந்துவிட்டேன்," என்று புளோறன்ஸும் அதே மொழியில் சொன்னாள்.

மேசையில் தேநீர் ஆடை படர்ந்து கிடந்தது. போகும்போது அந்தப் பெண் அதைப் பார்த்தாளோ தெரியாது.

திங்கட்கிழமை குழாய் வேலைக்காரன் வந்து மணி அடித்தான். வரவேண்டாமென்று அவனுக்குச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. வீடு நிறையச் சனம்.

"அம்மா, றூர்லெக்கர் வந்து நிக்கிறார். திருப்பி அனுப்பட்டோ?" அழுது வீங்கிய முகத்தோடு றொஷானி கேட்டாள்.

"வேண்டாம். செய்யட்டும்."

முன்னறையில் பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். கீழே தட்டுகிற சத்தம் தொடங்கியது. புளோறன்ஸின் வாய் மற்றவர்களோடு அசைந்தது. காது முழுக்கக் கீழேதான் கிடந்தது. செபமாலை முடிந்து, தேநீர் கொடுத்து, சனம் மாறி வேறு சனம் வந்து மறுபடி செபமாலை தொடங்கியது. அதன் நடுவில் கீழே சத்தம் நின்றது.

செபமாலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஓடினாள். படியில் கால் சறுக்கியது. குழாய் வேலைக்கார இளைஞன் அதே வாளியைக் கவிழ்த்து இருந்து போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தான்.

"முடிந்துவிட்டது," என்றான். மணிக்கூட்டைப் பார்த்தான். "இரண்டு மணித்தியாலம். தண்ணீர் சுட மட்டும் இரவாகும்."

அவள் தலையாட்டினாள். மேலே வந்து குசினிச் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு மணித்தியாலந்தான் எடுத்தது."

"ஆரோடையம்மா கதைக்கிறீங்கள்?" பின்னால் றொஷானி நின்றாள்.

புளோறன்ஸ் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் கீழ் கையைப் பிடித்தாள். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.