பெரியப்பாவின் மெலிந்த போன்

இடுப்பு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. காலை முழுக்க மூன்றாவது மாடிக்குத் தரைக்கல் சுமந்துவிட்டு, குளித்து, தேய்த்த கோட்டை மாட்டிக்கொண்டு, குஸூன் வீட்டுக் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குஸூனைப் பெண் கேட்கிற நாள் என்று சொல்லியும் மேஸ்திரி அரை நாள்தான் விட்டார். "இந்த ஸர்க்கா ஊர்ல கட்டடம் காத்திருக்காது, மாப்பிள்ளை காத்திருப்பான்" என்றார். வலித்தாலும் வாய் மட்டும் காதுவரை போய்விட்டது. மூட முடியவில்லை.

எங்கள் பக்கம் முப்பது ஆண்கள், ஒரே பேருந்தில் வந்திருந்தோம். எதிரே பெண்ணின் அப்பா அபூ ரஸ்லானும் அவர் சொந்தக்காரர்களும். குஸூன் பெண்களோடு உள்ளறையில். கதவு ஒரு விரல் திறந்திருந்தது. அந்த விரலுக்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

காபி வந்தது. எங்களுக்காகப் பேச வந்த தைஃபுல்லா பெரியப்பா கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டு, 'சரி' என்ற பதில் வந்த பிறகுதான் குடிக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுத் தண்ணீர்கூட எங்கள் தொண்டையில் இறங்காது. குடிக்காத கோப்பை உள்ளே திரும்பிப்போனால் சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் பெண் கேட்பவர் பெரியப்பாதான். ஆதாமில் ஆரம்பித்து, கிணறு வெட்டிய கொள்ளுத்தாத்தா, குதிரை வைத்திருந்த தாத்தா என்று ஒருவரையும் விடாமல் இறங்கி வருவார். இப்போது ஞாபகத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதனால் பேச்சு முழுவதையும் போனில் ஏற்றிவைத்திருந்தார். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. திரை வெளிச்சம் உச்சத்தில்.

அந்த போனை வாங்கிக் கொடுத்தது நான். குஸூன் வேலை செய்கிற கடையில்தான். புதிதாக வந்த மாடல், ஷ்ராக் ரொட்டி மாதிரி மெல்லிசு.

"உடம்பு இளைச்சா முதல்ல போறது வயிறுதான்" என்றாள் அவள். "பேட்டரிய சீவித்தான் இவ்வளவு மெல்லிசா ஆக்கியிருக்கான். திரையப் பாத்தியா, எவ்வளவு பெருசு! தின்கிறவன் கொழுத்துட்டான், சம்பாதிக்கிறவன் வத்திட்டான். பேசாம அந்தத் தடி போனை எடு. ரெண்டு நாள் நிக்கும்."

"தடி போனைப் போட்டா அங்கி ஒரு பக்கமா தொங்குதாம். போட்டோவுல மடி கனத்த ஆடு மாதிரி இருக்கேன்கிறாரு பெரியப்பா."

"அவரு எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"சுருக்கமாத்தான்."

அவள் நம்பவில்லை, ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இரண்டு போன்கூட வாங்கியிருப்பேன்.

வரும் வழியெல்லாம் பேருந்தில் பெரியப்பா தன் பழைய பேச்சுகளின் வீடியோவை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். அதன் பலன் கூடத்தில் தெரிந்தது. பெரியப்பா எழுந்து படிக்கத் தொடங்கி, கிணறு வெட்டிய கொள்ளுத்தாத்தா கடப்பாரையை ஓங்கிய இடத்தில் திரை கறுத்துப்போனது.

பெரியப்பா அழுத்தினார். உதறினார். வாயால் ஊதினார். "செத்துடுச்சு" என்றார்.

"அதுக்கென்ன ஹாஜி, யாராவது சார்ஜர் கொண்டாங்கப்பா" என்றார் அபூ ரஸ்லான்.

பெரியப்பா கையை உயர்த்தினார். "வேண்டாம். காபியே தொடல. இந்த வீட்டுக் கரண்டை எப்படித் தொடறது?"

என் சித்தப்பா மகன் ஃபவ்வாஸ் குனிந்து, "கரண்டு காபி இல்ல பெரியப்பா" என்றான்.

"வீட்டுக்காரன் கொடுக்கிறதெல்லாம் விருந்துதான்டா."

எதிர்ப்பக்கத்துக் கிழவர் ஒருவர் தலையாட்டினார். "நியாயம்தான். போன் குடிச்சா ஆள் குடிச்ச மாதிரிதான்."

"அப்போ இந்த ஃபேன் காத்து?" என்றான் ஃபவ்வாஸ். "வந்ததுலேர்ந்து வாங்கிட்டுத்தானே இருக்கோம்!"

பெரியப்பா யோசித்தார். "ஃபேனை நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினார்கள். முப்பது கோட்டுக்குள்ளும் வியர்வை ஊற்றியது. "லைட்டு?" என்று யாரோ வாயெடுக்க, என் அப்பா அவன் தொடையைக் கிள்ளினார்.

பேருந்தில் சார்ஜ் ஏற்றலாம் என்றால், டிரைவர் டீசல் போடப் போயிருந்தான்.

"மனசுல இருக்கிறத அப்படியே சொல்லுங்க பெரியப்பா" என்று கெஞ்சினேன்.

"கொள்ளுத்தாத்தாவைக் கிணத்துல இறக்கிட்டு நடுவுல விட்டுட்டுப் போறதா? அவரோட மூத்த மகன் வம்சம் நாலு பேர் இங்கே உக்காந்திருக்கான்."

அந்த நாலு பேரும் முறைத்தார்கள். காபியின் மேல் ஆடை படர்ந்தது. அபூ ரஸ்லானின் முகமும் இறுகியது. "ஆறின காபியை எடுத்துட்டுப் போகச் சொல்ற வீடு இல்ல இது" என்றார். "ஆனா சொல்ல வேண்டி வந்தா சொல்லுவேன்."

என் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

கதவு இன்னும் நான்கு விரல் திறந்தது. ஒரு கை வெளியே வந்து, செங்கல் பருமனில் ஒரு கறுப்புப் பவர்பேங்க்கைத் தரையில் தள்ளிவிட்டது. வழுக்கிக்கொண்டே வந்து என் காலில் முட்டியது.

"அது இந்த வீட்டோடது இல்ல" என்றது குஸூனின் குரல். "எங்க முதலாளி அபூ ஷாகிரோடது. கடைக் கரண்டுல ஏத்தினது."

கூடம் கொதித்தது. கேட்பதற்கு முன்பே பெண் கை நீட்டிவிட்டாளே! "குஸூன்!" என்று அபூ ரஸ்லான் அதட்டினார். உள்ளே எந்த அத்தைக்கோ விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றி, நீளமாக ஒரு குலவை போட்டாள். யாரோ அவள் வாயைப் பொத்துகிற சத்தமும் கேட்டது.

பெரியப்பா பவர்பேங்க்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அன்பளிப்பா வாங்க முடியாது."

"கடனா?" என்றான் ஃபவ்வாஸ்.

"கடன்னா வாங்கலாம். கடன் விருந்து ஆகாது. மாப்பிள்ளை எழுந்திரிச்சு தன் பேர்ல சொல்லட்டும்."

எழுந்தேன். "அபூ ஷாகிர்கிட்ட ஒரு முழு சார்ஜ் கடன் வாங்கறேன். நான் அடைப்பேன்" என்று இரண்டு குடும்பத்தின் முன்னாலும் சொன்னேன்.

கேபிள் முழ நீளம்கூட இல்லை. பெரியப்பாவுக்கோ நின்று, கை வீசி, நடந்து பேசினால்தான் பேச்சு வரும். போன் சோம்பல் முறித்துக் கண் விழித்ததும் கொள்ளுத்தாத்தாவின் கடப்பாரை இறங்கியது. நான் பவர்பேங்க்கை ஏந்திக்கொண்டு குந்தியபடியே பின்னால் போனேன். அவர் வலப்பக்கம் திரும்பினால் நான் வலப்பக்கம் தவளை மாதிரி தாவினேன். குதிரைத் தாத்தா வந்ததும் அவரே குதிரையாகிவிட்டார். கேபிள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க நான் அவர் அங்கிக்குள் பாதி நுழைய வேண்டியிருந்தது. போன் ரொட்டிக் கல் மாதிரி சுட்டது. அவர் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, விடாமல் படித்தார்.

முதலில் சிரித்தது எதிர்ப்பக்கத்துக் கிழவர். பிறகு கிணற்று வம்சம். கதவுக்குப் பின்னால் குஸூன் சிரித்தது தனியாக எனக்குக் கேட்டது. அபூ ரஸ்லான் மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய இரண்டு கையையும் தூக்கினார்.

"போதும் ஹாஜி, போதும்! குடுத்தேன்! பொண்ணைக் குடுத்தேன்! வயிறு வலிக்குது, காபியைக் குடி!"

"இன்னும் ரெண்டு தாத்தா இருக்காங்களே" என்றார் பெரியப்பா, மனம் நொந்து.

"அவங்களைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வா!"

ஆடை படர்ந்த காபியைப் பெரியப்பா ஒரே மடக்கில் இறக்கினார். ஃபேன் சுற்றியது. அத்தை இந்த முறை வாய் நிறையக் குலவை போட்டாள். பெரியப்பா தவிர எல்லாரும் கைகோத்துத் தரை அதிர ஆடினோம். அதையும் அந்த மெலிந்த போனிலேயே, பவர்பேங்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா கடைசிவரை படம் எடுத்தார். பவர்பேங்க்கின் கடைசி விளக்கும் அணைந்தது.

இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அபூ ஷாகிருக்கு நான் ஒரு முழு சார்ஜ் தர வேண்டும்.