காது பூத்த மூன்றாம் கூடம்

மூன்றாம் கண்ணாடிக் கூடத்தில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு செடிகளும் அந்தத் திங்கட்கிழமை காலையில், இதழ் அளவெடுக்கும் பெண்ணின் இடது காதைப் பூத்திருந்தன. ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்கள். நான்கு ஒழுங்காக இருந்தன. ஐந்தாவது மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக, வெளியே விரிந்து, ஓரத்தில் மடிந்து, உச்சியில் எலி கடித்ததுபோல் ஒரு வெட்டோடு நின்றது. அந்த வெட்டு அவள் காதில் பிறவியிலேயே உண்டு. ஈரப்பதம் அறுபத்தைந்து, வெப்பம் இருபத்திரண்டு என்று வழக்கம்போலப் பதிவேட்டில் எழுதிய காவலாளி, அதற்குக் கீழே ‘காது’ என்றும் எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அளவுக்காரிக்கு அங்கே பதினெட்டு வருட சர்வீஸ். கையில் ஒரு பித்தளைத் தகடு, அதன் நடுவே இதழ் வடிவத்தில் ஒரு துளை. செடிக்கு ஒரு பூவைப் பறித்து, ஐந்து இதழையும் பிரித்து, ஒவ்வொன்றாகத் துளையில் வைத்துப் பார்ப்பாள். ஐந்தும் பொருந்தினால் செடிக்கு வெள்ளை நூல். ஒன்று துருத்திக்கொண்டு நின்றாலும் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டிய செடி மதியத்துக்குள் உலைக்குப் போய்விடும். இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. அவளுக்குப் பாம்புச் செவி. அந்தப் பெரிய இடது காதை மொட்டின் மேல் வைத்தால், உள்ளே இதழ்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளரும் சத்தம் கேட்கும். நாளைக்குப் பூக்குமா, நாளை மறுநாளா என்று சொல்லிவிடுவாள், ஒருநாளும் தப்பியதில்லை. கூடத்தில் அவளுக்கு ‘முறம்’ என்று பட்டப்பெயர். வேலை முடிந்ததும் இடப்பக்க முடியை இழுத்துக் காதை மூடி, மூன்று ஊசி குத்திக்கொண்டுதான் தெருவில் இறங்குவாள்.

ஆராய்ச்சிக்காரர் நல்ல மனுஷன், சாப்பிட்டோமா இல்லையா என்பதையே அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரகம். இதழுக்குள் ஒரு மரபணு ‘வளர்’ என்று சொல்கிறது, இன்னொன்று ‘போதும், நிறுத்து’ என்கிறது, மற்றொன்று ‘இந்தப் பக்கம் மடி’ என்கிறது என்பார். இந்தத் தடவை, ஐந்தாவது இதழுக்கு வடிவம் சொல்லும் மரபணுவை அவர் வாயடைத்து வைத்திருந்தார். உத்தரவு இல்லாவிட்டால் இதழ் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. இரண்டு நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தேடியும் தப்பு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், உத்தரவு கிடைக்காத இதழ் தன் மேல் தினமும் சாய்ந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுக் குதித்தார். “விரை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணு முளைக்குமா? நீ என்னம்மா பண்ணின அதுங்கள?”

“நான் ஒண்ணும் பண்ணல சார். தினம் காது குடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான்.”

வியாழக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றுக்கும் சிவப்பு நூல் கட்டி, காதும் காதும் வைத்ததுபோல் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவானது. யோசித்துப் பேசுகிற வழக்கம் மேலாளருக்கு இல்லை.

அதே வியாழக்கிழமைக்கு வீட்டிலும் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அளவுக்காரியின் மகளுக்குப் பத்தொன்பது வயது. அதே இடது காது, அதே வெட்டு. நகைக்கடையில் வாடிக்கையாளர்களுக்குத் தோடு போட்டுக் காட்டும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அங்கே மேற்பார்வை பார்க்கும் அளவுக்காரியின் நாத்தனார், “காது ஜோடியா இருந்தாத்தானே தோடு ஜோடியாத் தெரியும்?” என்று சொல்லி, காதை நறுக்கிச் சரிசெய்ய டாக்டரையும் பார்த்துவிட்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே கணவருக்குத் தலை நரைத்திருந்தது. அளவுக்காரியும் சம்மதித்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மகள் கேட்டாள்.

“அம்மா, நம்ம காது நிஜமாவே அசிங்கமா?”

“யார்டி சொன்னா?”

“யாரும் சொல்லல. நீதான் மூணு ஊசி குத்தி மறைக்கிற.”

பதினெட்டு வருடமாக வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது. அதுவும் தன் மேலேயே வந்தது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சிவப்பு நூல்கண்டோடு முதல் செடியின் முன் நின்றாள். இதழைத் தகட்டில் வைத்துப் பார்த்தாள், துருத்திக்கொண்டு நின்றது. இப்படித் துருத்தியதற்காகவே எத்தனை செடிகளை உலைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். நூல்கண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். வெள்ளை நூலை எடுத்து முன்னூற்றுப் பன்னிரண்டு செடிக்கும் கட்டினாள். வண்டியோடு வந்த உலைக்காரர், வெள்ளை நூல் கட்டியதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது என்று கையைக் கட்டிக்கொண்டார். மேலாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? அளவு தப்பும்மா!”

“அளவு சரிதான் சார். உங்க தகடுதான் சின்னது.”

சொல்லிவிட்டு, அன்று காலை தெருவில் வரும்போது குத்தி, கழற்ற மறந்திருந்த மூன்று ஊசிகளையும் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்த நேரம் செடிகளில் இருந்த பெரிய இதழ்கள் அத்தனையும், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க, அவர் பக்கம் திரும்பின. அத்தனை காதுகளுக்கு முன்னால் மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பார்க்கலாம் என்று முணுமுணுத்துவிட்டு, ஊசிகளோடு வெளியே போய்விட்டார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கே வெட்டுவது என்று காதில் நீல மையால் கோடு போட்டிருந்தார்கள். அளவுக்காரி கைக்குட்டையை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தாள்.

“ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஊரு என்ன பேசும்?” என்றாள் நாத்தனார்.

“பேசட்டும் அண்ணி. எங்களுக்கு நல்லாவே கேக்கும்.”

மிச்சம் இருந்த வெள்ளை நூலை மகளின் இடது காது ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நகைக்கடை வேலை வேறொருத்திக்குப் போனது. காதுப் பூவின் விதையிலிருந்தும் காதுப் பூவே வந்தது. இரண்டாம் வருடம் பூக்கடைகள் வரிசையில் நின்று கேட்டன. மூன்றாம் வருடம் தகட்டைத் திருத்தி வெட்ட ஆள் வந்தபோது, அளவுக்காரி முடியை உச்சியில் அள்ளிக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தாள். நான்காம் கூடத்தில் மொட்டுக்குக் காது கொடுக்கும் வேலையில் அதற்குள் சேர்ந்திருந்த மகள்தான், பென்சிலால் அந்தக் காதைத் தகட்டில் வரைந்து கொடுத்தாள். நாத்தனார் இப்போது அதை எங்கள் வம்சத்துக் காது என்றுதான் சொல்கிறாள். அவள் வீட்டுக் கூடத்திலும் ஜாடியில் நான்கு பூ இருக்கிறது. தம்பி பெண்டாட்டியைப் பற்றிக் குறை சொல்லத் தோன்றினால், எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்.