ஆமைக்கு நாலு மணி நேரம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், மடிக்கிற மேசைக்கு இரண்டு பேர். சன்னலோர மேசையில் அண்ணியும் ஆமையும். ஆமை என்று பேர் வைத்ததே அண்ணிதான். "உன் பங்கையும் சேர்த்து நான்தாண்டி மடிக்கிறேன்" என்பாள், வாய் ஓயாமல். நாத்தனார்க்காரி சிரித்துக்கொள்வாள். அண்ணன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே இந்த நாலு கைகளால்தான். இதில் எந்தக் கை எத்தனை மடித்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அண்ணியின் விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. ஒரு தலையணை உறையை அவள் நீவி முடிப்பதற்குள் ஆமை இரண்டு மடித்துவிடுவாள். அதிலும் அவ்வப்போது ஒன்றை ஓசைப்படாமல் அண்ணியின் அடுக்கில் வைத்துவிடுவாள்.

புது சூப்பர்வைசர் வந்தார். ஒரு வண்டித் துணியை நாலு மணி நேரத்தில் தனியாக மடிக்க முடியாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்றார். எல்லோரையும் சோதிக்க அவருக்கு ஏது பொறுமை? ஜோடிக்கு ஆகும் நேரம் பதிவேட்டில் இருப்பதால் மேசைக்கு ஒருவரைப் பார்த்தால் போதுமாம், மற்றவர் வேகம் கணக்கில் தானாக வந்துவிடுமாம்.

அந்தக் கணக்கு ஆமைக்குப் பள்ளியிலேயே அத்துப்படி. இருவரும் சேர்ந்தால் ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு அரை வண்டி. அவள் தனியாக மடித்தால் மூன்று மணி நேரம். மணிக்கு மூன்றில் ஒரு பங்கு. அரையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் அண்ணிக்கு ஆறு மணி நேரம். எக்ஸ் என்று எழுதினாலும் அண்ணி என்று எழுதினாலும் விடை அதுதான்.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டாள். தனக்கு நாலு மணி நேரம் ஆனால்? அரையில் கால் போனால் கால். அண்ணிக்கும் நாலு!

"என்னையே பாருங்க சார்" என்று முந்திக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மடித்து, நாலாவது மணி நேரம் முடிகையில் கடைசித் துண்டை வைத்தாள்.

"தப்பிச்சே போ. இன்னும் கொஞ்சம் அசந்திருந்தா உன்னை அனுப்பியிருப்பாங்க" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் காகிதத்தில் கழித்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நாலு. அப்புறம் ஜோடி எதுக்கு? நாளையிலேர்ந்து ஆளுக்கொரு மேசை."

இதை ஆமை கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

மறுநாள் அண்ணி சுவரோரம், அவள் சன்னலோரம். பொய்யைக் காப்பாற்ற அவள் ஆற அமர மடித்தாக வேண்டியிருந்தது. எதிரே உறையின் மூலை அண்ணியின் விரலில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்துக்கொண்டு, கையில் வேகம் இருந்தும் மெதுவாக மடிப்பது எவ்வளவு பெரிய கொடுமை. பக்கத்தில் போய்க் கை கொடுக்கவும் முடியாது.

நாலு மணி நேரம் முடிந்தபோது அண்ணியின் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடந்தது.

"உங்களால முடியும்னு கணக்கு சொல்லுது" என்றார் சூப்பர்வைசர். "முடியாதவங்கன்னாக்கூட மனசு இரங்கும். நீங்க வேணும்னே ஏமாத்தறீங்க. கிளம்புங்க."

அண்ணியின் முகம் செத்துப்போனது. "ஏமாத்தறேனா? ஏய் ஆமை, நீயே சொல்லு. நான் என்னிக்காவது வேலைக்கு டிமிக்கி குடுத்திருக்கேனா?"

வாயைத் திறந்தால் தன் வேலையும் போய்விடும் என்று ஆமைக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பழியை அண்ணியின் தலையில் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பொய் சொன்னது நான்தான் சார். எனக்கு மூணு மணி நேரம் போதும். அண்ணிக்கு ஆறு ஆகும். ரொம்ப நாளாவே அப்படித்தான்."

"அப்போ ரெண்டு பேருமே கிளம்புங்க" என்றார் அவர். அண்ணியின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமை தலையாட்டினாள்.

அண்ணி மேசையில் கிடந்த உறையை எடுத்து, மூலையோடு மூலை சேர்த்தாள். நழுவியது. ஆமை கை நீட்டினாள், அண்ணி கொடுக்கவில்லை. தானே மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். வீடு போய்ச் சேரும்வரை ஒருமுறைகூட அவளை ஆமை என்று கூப்பிடவில்லை.