நனைத்து விதைத்த கடலை

விதைக்கடலையைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு விதைத்தால் செடி வறட்சியைத் தாங்கும் என்று விவசாய யோசனை சொல்ல வரும் கிராமசேவக் ராமசுப்பிரமணியன் சொன்னபோது, சாயல்குடிப் பக்கத்து அந்த ஊரில் ஒருவரும் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை.

"நனைஞ்ச வெதையப் போட்டா அழுகித்தானே போகும்?" என்றார் மாரியூர் அலியார். அவருக்கும் அங்கே கடலைக்காடு உண்டு.

சிரிக்காதவள் நாகலெட்சுமி ஒருத்திதான். புருஷன் தவசி உப்பளத்து வேலைக்குப் போய்விட, காட்டு வேலை முழுவதும் அவள் தலையில். போன வருஷம் மழை ஏமாற்றியதில் செடி பூவோடு கருகியதைப் பார்த்தவள்.

"எங்காட்டுல பாதிக்குச் செய்ங்க சார். பாதிக்கு எப்பவும்போல போடுறேன்" என்றாள்.

ஐப்பசி மழை விழுந்ததும் அவர் சொன்னபடி இரவு முழுக்க ஊறவைத்தாள். காலையில் பருப்புகள் ஊதி, தோல் கழன்று கிடந்தன. உலர்த்தி விதைத்தும் பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டினால் அழுகல் நாற்றம். பக்கத்திலேயே, நனைக்காத பாதி பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது.

ராமசுப்பிரமணியனுக்கு அந்த ஊர்ப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே கூசியது. ஆனாலும் போனார்.

"தப்பு என்னுதுதான் அக்கா. அவ்வளவு நேரம் ஊறவிட்டிருக்கக் கூடாது."

நாகலெட்சுமி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏறிட்டாள். திட்டப் போகிறாள் என்றே நினைத்தார்.

"நேரந்தானே தப்பு? வெதை இன்னுங் கொஞ்சம் கெடக்கு. ஈரமும் இருக்கு. எடுக்க வேண்டிய பக்குவத்தப் பாத்துட்டு வாங்க, மறுக்கப் போடுவோம்."

ராமசுப்பிரமணியன் உடனே சைக்கிளை எடுத்தார். அவள் வீட்டில் இருந்த கடைசி விதை அது என்று அவருக்குத் தெரியும்.

தன் அறையில் கிண்ணம் கிண்ணமாக ஊறவைத்துப் பார்த்தார். பருப்பு உப்ப வேண்டும். முளை எட்டிப் பார்க்கக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து, பழைய கடினம் திரும்பும்வரை நிழலில் உலர்த்தியவை நன்றாக முளைத்தன. அதைக் கொண்டுபோய்ச் சொன்னார். நாகலெட்சுமி சாக்கை விரித்துப் பரப்பி, வேறு வேலைக்குப் போகாமல் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றைக் கடித்துப் பார்த்து, 'டக்'கென்று உடைந்த பிறகுதான் காட்டுக்கு எடுத்துப் போனாள்.

இந்த முறை முளைத்தது. ஆனால் கார்த்திகை பிறந்ததும் மழை நின்றது. மார்கழியிலும் எட்டிப் பார்க்கவில்லை. கடற்காற்று மணலை வாரி இறைத்தது. நனைக்காத பாதியில் மடங்கிய இலைகள் விடிந்த பிறகும் மடங்கியே கிடந்தன. நனைத்த பாதி உச்சி வெயிலில் சுருண்டாலும், பொழுது சாய்கையில் இலை விரித்துக்கொண்டது. பிந்தி விதைத்த செடி, முந்தியதைவிடத் தெம்பாக நின்றது!

அறுவடையன்று அலியாரும் வந்திருந்தார். மண் இறுகிக் கிடந்ததால் கொத்திக் கொத்தியே எடுக்க வேண்டியிருந்தது. நனைக்காத பக்கத்துக் காய்களை உடைத்தார், பெரும்பாலும் பொக்கு. மறுபக்கத்துக் காய்களை உடைத்தார். கொழித்த விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் காய்க்குள் பருப்பு இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அலியார். "மொத தடவ அழுகினதப் பாத்த பெறகும் எப்படித் தாயி மறுக்கப் போட்ட?"

"அந்த சார் ஓடி ஒளியலையே அண்ணே. வந்து நின்னு, என் தப்புன்னு சொன்னாக. அப்படிப்பட்டவுக சொல்றத இன்னொருக்கா கேக்கலாம்னு தோணுச்சு."

வரப்பில் நின்ற ராமசுப்பிரமணியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த மனிதர்களில், இவளளவுக்குத் துணிச்சல்காரர் ஒருவரும் இல்லை.

"அடுத்த பட்டத்துக்கு எங்காட்டுக்கும் நீயே வந்து பக்குவம் சொல்லித் தாயேன்" என்றார் அலியார்.

"வாரேன். வீட்டுல நஃபீசா மதினியையும் கூட இருந்து பாக்கச் சொல்லுங்க" என்ற நாகலெட்சுமி, முற்றிய காய்களாகப் பார்த்து விதைக்கென்று தனியே பொறுக்கத் தொடங்கினாள்.